கேரவனுக்குச் 'சாத்து': மிஷனரிப் பயண நூல்களுக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிழக்கு ஆப்பிரிக்க மிஷனரிகளின் பயணக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது, அவற்றில் வரும் 'கேரவன்' என்பதற்குப் 'பயணக்குழு' போதும் என்று இழையில் சிலர் சொல்கிறீர்கள். எனக்குப் போதவில்லை. நாலு பேர் சேர்ந்து கொடைக்கானல் போனாலும் பயணக்குழுதான். 'கேரவன்' என்றே விட்டால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'சாத்து'. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து வருகிறதே, அதே சொல். அது வணிகர் கூட்டமாயிற்றே, பாதிரியார்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 1870களில் உள்நாட்டுக்குப் போன மிஷன்கள் யானைத்தந்த வணிகத்தின் ஏற்பாட்டைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டன. சான்சிபார் தீவில் ஆள் சேர்ப்பு, எதிர்க்கரையிலுள்ள பகமோயோவிலிருந்தோ சாதானியிலிருந்தோ புறப்பாடு, வழிச்செலவுக்குத் துணியும் பாசிமணியும் பித்தளைக் கம்பியும். வழியில் காசு செல்லாது, இவைதான் பணம். மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1877இல் லண்டன் மிஷன் சங்கத்தார் தென்னாப்பிரிக்க வழக்கப்படி மாட்டுவண்டிகளோடு தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜிக்குக் கிளம்பினார்கள். நோய் பரப்பும் செட்சி ஈ கடித்து மாடுகள் செத்தன. அப்புறம் மனிதர்கள்தான் சுமந்தாக வேண்டியிருந்தது, ஆளுக்குச் சுமார் 30 கிலோ.

அப்படிச் சுமந்த 'பகாசி'களைக் 'கூலி' என்று எழுதவே கூடாது. அந்த உள்நாட்டைச் சேர்ந்த நியம்வேசி மக்களுக்கு இது பழகிய தொழில். முன்பணம், உணவு எல்லாம் பேசித்தான் வருவார்கள். ஒத்துவராவிட்டால் பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 'சுமையாள்' என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அளந்து கொடுத்த உணவுப் பங்கான 'போஷோ'வுக்கு நம் 'படி' கச்சிதம்.

'ஹோங்கோ'தான் சிக்கல். வழியிலிருந்த உகோகோ போன்ற இடங்களில் உள்ளூர்த் தலைவர்கள் வழிவிடவும் தண்ணீர் எடுக்கவிடவும் வாங்கிய கட்டணம் அது. ஒருவர் முன்வைத்த 'கப்பம்' என்பது, அதைப் பறிப்பாகப் பார்த்த வெள்ளைக்காரர் குரலையே தமிழில் பேசும். தண்ணீர் அருமையான வறண்ட நாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குடித்துவிட்டுப் போனால் யார்தான் சும்மா விடுவார்கள்? கழுதைச் சாத்து வரும் அந்த அடிகளை அடுத்தே 'உல்குடைப் பெருவழி', அதாவது சுங்கம் வாங்கும் பெருவழி, வருகிறது. 'உல்கு' சரிதான். ஒரே குறை, உல்கு என்றால் விகிதம் நிலையானது என்று தோன்றும். இங்கே நாள்கணக்கில் பேரம் நடந்தது. 'பேச்சுல்கு' என்றால் கொஞ்சம் செயற்கையாக இருக்கிறதோ?

சாத்தின் முன்னே நடக்கும் 'கிரங்கோசி'க்கு இன்னும் சொல் அமையவில்லை. 'வழிகாட்டி' சப்பென்று இருக்கிறது. 'தலைவர்' என்றால் மிஷனரி என்று மயங்குவார்கள். தோன்றுவதை எழுதுங்கள்.