'வில் ரிவர்ட்' ஸ்பானிஷில் போய் ஆர்டரைக் கவிழ்க்கப் பார்த்தது. இன்னும் நாலு சந்தேகம் இருக்கிறது

வலைக்கண்ணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு வலைக் கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் பார்க்கிறேன். செக்‌ஷன் என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும், மாதிரி வலைகள் தொங்கும் ஒரு ஆணியும்தான். ஒன்றரை வருஷம் ஆன்லைனில் ஸ்பானிஷ் படித்தேன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பெரு நாட்டுப் பார்ட்டிக்குப் போகிற மெயில், பில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் என் தலையில்.

முதலாளி ஆங்கிலத்தில் எழுதித் தருவார், நான் மாற்றி அனுப்ப வேண்டும். ஸ்பானிஷைவிட அவருடைய ஆங்கிலம்தான் என்னைப் படுத்துகிறது.

போன மாதம் நான் லீவில் இருந்த ஒருநாள், 'வில் ரிவர்ட் ஆன் யுவர் ஆர்டர் பை ஃப்ரைடே' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆபீஸ் தம்பி அதை மெஷினில் போட்டு அப்படியே தட்டிவிட்டான். வந்தது 'ரெபெர்த்திரேமோஸ் சு பெதீதோ'. நம் ஆபீஸ்களில் ரிவர்ட் என்றால் 'பதில் சொல்கிறேன்'. ஸ்பானிஷ் ரெபெர்த்திர் அப்படி இல்லை, நடந்ததை மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுபோவது. ஆர்டரையே திருப்புகிறோம் என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன், அங்கே மத்தியானம். அட்வான்ஸ் போட்ட பிறகு ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று அந்த அம்மா கத்த, நான் பாதித் தூக்கத்தில் 'ரெஸ்போந்தேர், ரெஸ்போந்தேர்' (பதில் சொல்வது) என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அடுத்த லோடுக்குப் பேப்பர் போட வேண்டும். மாட்டிக்கொண்ட இடங்கள் இவை:

'நெட் வெயிட்'. வேறு யாருக்கும் இது பிரச்சினையே இல்லை, ஆனால் நாங்கள் விற்பதே நெட்! அந்தக் கட்டத்தில் இருப்பது மிதவையும் கயிறும் சேராத வலையின் எடையா, சாக்கைக் கழித்த நிகர எடையா? முதலாளியைக் கேட்டால் 'ரெண்டும் ஒண்ணுதானே' என்கிறார். பேலுக்குப் பேல் வித்தியாசம் வருகிறது.

'மெஷ் சைஸ் 40 எம்எம்'. கீழே வலை சரிபார்க்கும் அக்கா ஒரு கண்ணிக்குள் இரண்டு விரலை விட்டு விரித்து இழுத்து, ஸ்கேல் வைத்துக் காட்டினார். இழுத்துப் பிடித்தால் 40. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை மட்டும் அளந்தால் 20. பேப்பரில் வெறும் 40.

'ஷிப்மென்ட் பை 30 ஜூன்'. முப்பதாம் தேதி சேர்த்தியா இல்லையா?

'பேமென்ட் நெட் 30', அதாவது முப்பது நாளில் பணம். மெஷின் இதற்கு 'ரெத் 30' என்று கொடுத்தது. வலை முப்பது.

ஆங்கிலம் இரண்டு பக்கமும் இழுக்கும்போது ஸ்பானிஷிலும் அப்படியே இழுக்கவிடலாமா, இல்லை நானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா?

பழைய கப்பல்பேப்பர் (குளச்சல்):

மக்ளே, தூத்துக்குடியில் இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். தேர்ந்தெடுக்க உனக்கு உரிமை கிடையாது. மேலே போய்க் கேட்க உரிமை உண்டு.

எடைக்கு மூன்று சொல் நிலைத்துப்போனது: பெசோ நேத்தோ, பெசோ புரூத்தோ, தாரா. புரூத்தோ சாக்கோடு சேர்த்த எடை, தாரா சாக்கு மட்டும், நேத்தோ என்றால் கட்டின சாக்கு போக மீதி. கயிறும் மிதவையும் அதற்குள்ளேயே வந்துவிடும். வலை மட்டும் எவ்வளவு என்று காட்ட வேண்டுமானால் தனிக் கட்டம் போட்டு 'பெசோ தெல் பான்யோ' என்று எழுது. பான்யோ என்றால் துணி, வலைத்துணிக்கும் அதுதான் பெயர்.

கண்ணிக்கு 'மாய்யா எஸ்திராதா' என்று சேர்த்துவிடு, இழுத்த கண்ணி. முடிச்சுக் கணக்கு என்றால் 'தெ நுதோ அ நுதோ'. இதில் மட்டும் விளையாடாதே. கண்ணி இன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று பல நாடுகளில் மீன்பிடிச் சட்டம் உண்டு. பாதி அளவு வலை போய் இறங்கினால் கரையில் கிடந்து காயும்.

தேதிக்கு 'அ மாஸ் தார்தார் எல் 30 தெ ஹூனியோ'. முப்பதும் உள்ளே. ஆனால் எது ஷிப்மென்ட்? லாரி உங்கள் கேட்டைத் தாண்டுவதா, சரக்கு கப்பலில் ஏறுவதா? எல்சி (பாங்க் வழியாகப் பணம் தரும் கடன் உறுதிக் கடிதம்) என்றால் பிஎல்லில் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) உள்ள தேதிதான் பேசும். எல்சிக்கு பாங்க்காரர்கள் கையில் வைத்திருக்கிற யுசிபி 600 என்ற சர்வதேச விதியில், ஷிப்மென்ட் காலத்துக்கு 'அன்டில்', 'டில்', 'ஃப்ரம்' எல்லாம் அந்தத் தேதியையும் சேர்க்கும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' சேர்க்காது. அதே 'ஃப்ரம்', பணம் கட்டும் கெடுவைக் கணக்கிடும்போது அந்த நாளைச் சேர்க்காது! உங்கள் முதலாளியின் 'பை' அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நெட் 30-க்கு 'பாகோ அ 30 தியாஸ்'. முப்பது நாள் பில் தேதியிலிருந்தா, பிஎல் தேதியிலிருந்தா என்று அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு எழுது.

அண்டியாபீஸ் (மார்த்தாண்டம்):

எங்களுக்கு வலை இல்லை, அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி. ஸ்பெயினில் அதற்கு அனகார்தோ. கொலம்பியாவில் மரான்யோன். வெனிசுவேலாவில் மெரேய். மெக்சிகோவில் 'நுவேஸ் தெ லா இந்தியா', இந்தியக் கொட்டை. நம் நாட்டுப் பெயரே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு எல்லா லேபிளுக்கும் அதையே போடப் போனேன். அச்சுக்குப் போகும் முன்பு ஒருவர் தடுத்தார். அர்ஜென்டினாவில் அதே பெயரில் உடம்பு இளைக்க என்று விற்ற ஒரு விஷக்கொட்டையைத் தடை செய்திருக்கிறார்கள். அங்கே அந்தப் பெயரோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் எண்ணைப் பாருங்கள் தங்கச்சி. 1.250 என்று எழுதினால் ஸ்பெயினில் ஆயிரத்து இருநூற்றைம்பது, மெக்சிகோவில் ஒன்றேகால்.

தக்கலைத் தம்பி:

கப்பல்பேப்பர் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் தெளிவாக்கக் கூடாது. சில நேரம் முதலாளி வேண்டுமென்றே மழுப்புவார். 'வி வில் ட்ரை அவர் பெஸ்ட்' என்றால் முடிந்தால் பார்ப்போம் என்றுதான் அர்த்தம். அக்கா அதைத் தெளிவான வாக்குறுதியாக எழுதிவிட்டால், நாளைக்கு நஷ்டஈடு கேட்டு மெயில் வரும். மழுப்பலை மழுப்பலாகவே போட வேண்டும், ஆனால் அவர் மழுப்புகிறார் என்று நமக்குத் தெரிந்து போட வேண்டும்.

இன்னொரு பொறி 'ஈவென்சுவலி'. ஆங்கிலத்தில் 'கடைசியில் தருவோம்'. ஸ்பானிஷ் எபென்த்துவால்மென்தே என்றால் 'ஒருவேளை தந்தாலும் தருவோம்'.

கோட்டாறு டீச்சர்:

ஜெபம் மாதிரி சொன்னேன் என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். டிசம்பர் 3-க்கு நமக்கு லீவு வாங்கிக்கொடுக்கிற சவேரியார் ஸ்பெயினின் நவார்ராவில் பிறந்தவர்தானே. 1540-களில் இந்தக் கடற்கரைக்கு வந்து ஜெபங்களைத் தமிழில் போட வைத்தார். பிறகு கூட இருந்த மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்ல வேண்டாம், 'விசுவாசம்' என்று வருகிற சொல்லைப் போடுங்கள். கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதில் கடவுள் எனக்கு வேணும் என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஆபீஸ் தம்பியைத் திட்டாதீர்கள், பாவம்.

வலைக்கண்ணி:

அண்ணாச்சிக்கும் எல்லாருக்கும் நன்றி. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, 'நீங்க அவங்ககிட்ட தமிழ்ல பேசுனா என்ன சொல்லுவீங்க?' என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிட்டது. கண்ணி இழுத்த அளவு. முப்பது நாள் பிஎல் தேதியிலிருந்து. எடைக்கு இரண்டு கட்டம். ஜூன் 30 என்பது லாரி கிளம்பும் தேதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்! கப்பல் தேதி என்றதும் அவரே காலண்டரைப் புரட்டி ஜூலை 10 ஆக்கச் சொன்னார். பெரு அம்மாவும் சரி என்றுவிட்டார்.

தக்கலைத் தம்பி, உங்கள் 'ட்ரை அவர் பெஸ்ட்' இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் மழுப்பல்தான், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்படியே விட்டேன்.

இன்று காலை புது மெயில் தந்திருக்கிறார்: 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் கன்ஃபர்ம் த சேம்.' எது நீட்ஃபுல், எது சேம் என்று கேட்க மறுபடியும் மாடி ஏறுகிறேன்.