மூடில் நோட்டிஃபிகேஷனை எடுக்கும் ஏஜென்ட் டூல்: நேரம் தப்பு, பாதி வரவில்லை

கோரமங்களா_கோடர்:
பெங்களூரு பயிற்சி மையம் ஒன்றின் மூடிலில் (இணையவழிப் பாடத் தளம்) வரும் அறிவிப்புகளை ஏஐ ஏஜென்ட் எடுத்துச் சொல்ல டூல் எழுதுகிறேன். இரவு 11:59க்கு வந்த அறிவிப்பை ஏஜென்ட் மாலை 6:29 என்கிறது. சில அறிவிப்புகள் வருவதே இல்லை. டோக்கன் (டூல் உள்நுழையும் சாவி) செத்துப்போனால் "புதுசா ஒண்ணுமில்லை" என்று பதில் வேறு!

அல்சூர்வாசி:
அறிவிப்போடு வரும் டைம்கிரியேட்டட் என்பது யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கிலான யுனிக்ஸ் விநாடி, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடி. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டும் வேலையை ஏஜென்டின் மொழி மாடலிடம் விடாதீர்கள். டூலிலேயே "ஏசியா/கொல்கத்தா"வுக்கு மாற்றி, எழுத்தாகக் கொடுங்கள்.

வராதவை: மெசேஜ்_பாப்அப்_கெட்_பாப்அப்_நோட்டிஃபிகேஷன்ஸ் தானே கூப்பிடுகிறீர்கள்? பெயரிலேயே இருக்கிறது, பாப்அப் ஆனவை (தளத்திலேயே காட்டப்படுபவை) மட்டும்தான். மாணவர் தன் விருப்பத்தேர்வில் 'வெப்'பை அணைத்து மின்னஞ்சலை மட்டும் வைத்திருந்தால் இதில் சிக்காது. எத்தனை வேண்டும் என்று சொல்லும் லிமிட் 0 என்றால் வரம்பே இல்லை. 20 போதும், மிச்சத்துக்கு ஆஃப்செட் (எத்தனையைத் தாண்டித் தொடங்குவது).

சர்ஜாபூர்_சர்வர்:
டோக்கன் விஷயம்: மூடில் பிழையையும் எச்டிடிபி 200 (வெற்றிக்கான குறியீடு) என்றே அனுப்பும். பதிலாக வரும் ஜேசான் தரவில் 'எக்செப்ஷன்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'இன்வேலிட்டோக்கன்' என்றால் "மறுபடி உள்நுழையவும்" என்று டூல் திருப்பட்டும், காலிப் பட்டியல் வேண்டாம்.

இன்னொன்று. மன்றப் பதிவு அறிவிப்பில் சக மாணவர் எழுதியதெல்லாம் அப்படியே வரும். "முந்தைய கட்டளைகளை மற" என்று எவனாவது விளையாடுவான்; ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் டோக்கனுக்குப் படிக்க மட்டும் செய்யும் ஃபங்ஷன்களைத் திறந்துவிடுங்கள்.

கோரமங்களா_கோடர்:
'வெப்' அணைந்துதான் இருந்தது. நன்றி.