பெருந்தொடர் ஒன்றின் கடைசிப் பாகம் மனநிறைவு தருவது எதனால்?

கேள்வி

ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மாயாஜாலக் கற்பனைத் தொடரின் 14ஆம் பாகத்தை அண்மையில் படித்து முடித்தேன். கதையின் முடிவு இந்த இழையில் வெளிப்படையாகப் பேசப்படும் என்பதால், படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

1990இல் தொடங்கி 2013இல் நிறைவடைந்த இந்தத் தொடரின் கடைசிப் பாகத்தில் குறை சொல்வதற்கு நிறையவே இருக்கிறது. முதல் பாகத்திலிருந்து கதைநாயகன் ராண்டை விடாமல் துரத்தி வந்த பேடன் ஃபெயின், அத்தனை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு சில பக்கங்களிலேயே செத்துப்போகிறான். இறுதிக் காட்சியில் ராண்ட் வெறும் நினைப்பாலேயே தன் புகைக்குழாயைப் பற்றவைக்கிறான். அது எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அப்படியிருந்தும் படித்து முடித்தபோது மனம் நிறைந்திருந்தது. எல்லா முடிச்சுகளையும் பொறுப்பாக அவிழ்த்த வேறு தொடர்களில் எனக்கு இந்த நிறைவு கிட்டியதில்லை. முடிவு ஒன்றை நிறைவானதாக்குவது எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

மறுமொழி 1

தொடர் தன் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு அதன் முடிவு பதில் சொல்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்தத் தொடரில் ராண்ட் வெல்வானா என்பது உண்மையில் பெரிய கேள்வியே அல்ல. கடைசிப் போர்க்களத்துக்கு வந்து சேரும்போது அவன் எப்படிப்பட்ட மனிதனாக இருப்பான் என்பதுதான் கேள்வி. 12ஆம் பாகத்தின் முடிவில், மலையுச்சியில் நின்றுகொண்டு உலகம் முழுவதையும் அழித்துவிடும் அளவுக்குக் கசந்துபோயிருந்தவன், மனிதர்களுக்கு மறுபடியும் பிறவி கிடைப்பது அன்பு செலுத்த இன்னொரு வாய்ப்புக்காகத்தான் என்பதை உணர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறானே, அந்த இடத்தில்தான் முடிவுக்கான கதவு திறக்கிறது.

கடைசிப் பாகத்தில் இருளின் தலைவனோடு அவன் நடத்தும் போர் வாட்போர் அன்று. இனி உலகம் எப்படி இருக்கலாம் என்ற காட்சிகளை இருவரும் மாறிமாறி உருவாக்கிக் காட்டும் போர். தீமையே இல்லாத உலகம் ஒன்றை ராண்ட் உருவாக்குகிறான். அங்கே தன் காதலி எலேனைச் சந்திக்கிறான். அவள் இனிமையாகத்தான் பேசுகிறாள், ஆனால் அவள் கண்களுக்குப் பின்னால் அவளுக்கே உரிய எதுவும் இல்லை. தீமையைத் தேர்ந்தெடுக்கவே முடியாத மனிதர்களிடம் நன்மைக்கும் பொருள் இருக்காது என்று அங்கே புரிந்துகொள்வதால்தான், தன் எதிரியைக் கொல்ல முடிகிற நிலையிலும் கொல்லாமல் சிறைக்குள் அடைத்து மூடுகிறான். இந்த ஒரு முடிவுக்காக நான் நூறு தளர்ந்த முடிச்சுகளையும் பொறுத்துக்கொள்வேன்.

இதற்குப் புத்தகத்துக்கு வெளியே ஒரு காரணமும் உண்டு. ஜோர்டான் 2007 செப்டம்பர் 16 அன்று மறைந்தார். அதற்கு முன்பே இறுதிக் காட்சியைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல், எஞ்சியதை எழுதி முடிக்கப் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நூலாகத் திட்டமிடப்பட்டிருந்தது 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளிவந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் ஏற்கெனவே எழுத்தில் இருந்ததால், அந்த மூன்று நூல்களிலும் கதை திசை மாறாமல் நகர்கிறது.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உச்சக்கட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் கதைக்கு எவ்வளவு இடம் தருகிறார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் ஆறாம் புத்தகத்தில் மொத்தம் 9 அத்தியாயங்கள். அழித்தே தீர வேண்டிய தீய மோதிரம் மூன்றாவது அத்தியாயத்திலேயே அழிந்துவிடுகிறது. மீதி ஆறு அத்தியாயங்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆறும் இல்லாவிட்டால், மோதிரத்தைச் சுமந்து சென்ற ஃப்ரோடோ கொடுத்த விலை என்னவென்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஊரெல்லாம் செழித்துக் கொண்டாடும் ஆண்டில்கூட, கத்திக்குத்துப் பட்ட அக்டோபர் 6ஆம் தேதி வரும்போது அவனுக்குப் பழைய வலி திரும்பிவிடுகிறது. தன் சொந்த மண்ணான ஷயரை அவன் காப்பாற்றிவிட்டான். ஆனால் அவனால் அங்கே வாழ முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெருப்பு மலையின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான். மோதிரத்தைத் தனக்கே உரியதென்று சொல்லி அணிந்துகொள்கிறான். முதலில் ஃப்ரோடோவின் உறவினர் பில்போவும் பின்னர் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் இரக்கப்பட்டுக் கொல்லாமல் விட்ட கோலம் (Gollum) என்ற மோதிரப் பித்தன்தான் அந்த இடத்தில் காரியத்தை முடிக்கிறான். எதிர்பாராத திருப்பமாகத் தோன்றினாலும், அதற்கான விதை முதல் பாகத்திலேயே விழுந்துவிட்டது. வாசகரை வெறுமனே அதிரவைக்கும் திருப்பத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மறுமொழி 3

ஒரு சிறிய மாற்றுக் கருத்து. உர்சுலா லெ குவினின் எர்த்சீ தொடரின் மூன்றாம் நூல் 1972இல் வந்தபோதே கதை அழகாக முடிந்திருந்தது. கதைநாயகனான மந்திரவாதி கெட் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவிட்டு உலகைக் காத்துவிட்டு விலகிக்கொள்கிறான். லெ குவின் 1990இல் நான்காம் நூலை எழுதி, ஆற்றலை இழந்த ஒருவன் அதன்பின் எப்படி வாழ்கிறான் என்று கேட்டார். அதையே கடைசி நூல் என்று அறிவித்த பிறகும் 2001இல் மீண்டும் எர்த்சீக்குத் திரும்பினார். என்னைப் பொறுத்தவரை அந்த நான்காம் நூல்தான் தொடரின் மிகச் சிறந்த பகுதி. நிறைவான முடிவு என்று நாம் கொண்டாடிய ஒன்றை ஆசிரியரே பின்னர் கேள்விக்கு உட்படுத்தலாம். அதனால் கதை வலுவடையவும் கூடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மறுமொழி 2 எழுதிய நண்பரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். போர் முடிந்ததும் ஜோர்டானின் தொடரில் வருவது ஒரே ஒரு பின்னுரை மட்டுமே. ராண்டின் சிறுவயதுத் தோழி எக்வீனின் மரணத்துக்குத் துக்கம் கொண்டாடக்கூட யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. உங்கள் அளவுகோலின்படி அது தோற்ற முடிவாக அல்லவா இருக்க வேண்டும்?

மறுமொழி 2 எழுதியவர்

நியாயமான கேள்வி. அந்தப் பின்னுரை சுருக்கமாகத்தான் இருக்கிறது. எக்வீன் விஷயத்தில் அது போதாது என்பதே என் கருத்தும். ஆனால் அதே பின்னுரையில் ராண்டின் நண்பன் பெரின் போர்க்களத்துப் பிணங்களுக்கிடையே தன் மனைவி ஃபெயிலைத் தேடி அலையும் பகுதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டோல்கீன் ஆறு அத்தியாயங்களில் செய்ததில் ஒரு பங்கை அந்தச் சில பக்கங்கள் செய்துவிடுகின்றன. ராண்டின் இன்னொரு நண்பன் மாட், அவன் மனைவி டுவான் இருவரின் வருங்காலம் திறந்தே விடப்பட்டதற்குக் காரணம் வேறு: அவர்களை மையமாக வைத்துத் தனி நாவல்கள் எழுத ஜோர்டான் திட்டமிட்டிருந்தார். அவை எழுதப்படவே இல்லை. அதனால் அந்த இடத்தில் உணரும் குறையை முடிவின் குறையாக நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.