பொருள்: மாஸ்க்ட் ஹைப்பர்டென்ஷன், வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

தாதி, ஈசூன்:
வணக்கம். சமூக மன்றத்தில் முதியோருக்குக் கொடுக்கும் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிலருக்குப் பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்தத்தை அளந்தால் 140/90க்குக் கீழே இருக்கும். வீட்டில் அளந்தால் 135/85ஐத் தாண்டும். மருந்தகத்தில் நல்லபடி காட்டுவதால் மருந்தும் கிடைப்பதில்லை. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் மாஸ்க்ட் ஹைப்பர்டென்ஷன் என்கிறார்கள். நான் ‘முகமூடி இரத்த அழுத்தம்’ என்று எழுதியிருந்தேன். படித்த பாட்டி ஒருவர், “மாஸ்க் போட்டா பிரஷர் ஏறுமா?” என்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெம்பனிஸ்:
குருதி இருக்க, இரத்தம் என்ற வடசொல் எதற்கு? ஒளிவதற்குக் கரத்தல் என்ற வினை உண்டு. ‘கரத்தலும் ஆற்றேன்இந் நோயை’, குறள் 1162. நோயோடு சேர்ந்தே வந்திருக்கிறது. எனவே ‘கரந்த குருதியழுத்தம்’. கரந்தைத் திணையும் இதே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். கவர்ந்து ஒளித்த ஆநிரையை மீட்பதுதானே அது?

மொழிபெயர்ப்பாளர், ஜூரோங்:
கரந்தை பூவின் பெயர், ஐயா. குறளுக்கே வருவோம். 1161ஐப் பாருங்கள்: ‘மறைப்பேன்மன்’. அங்கேயும் நோய்தான், அதுவும் காமநோய்! கரந்த என்றால் நம் மக்களுக்குக் கரப்பான்தான் நினைவுக்கு வரும். என் ஓட்டு ‘மறை அழுத்தம்’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்:
மறை என்றால் வேதம். ஓதுவாருக்கு மட்டும் வரும் நோயா இது?

குடும்ப மருத்துவர், அங் மோ கியோ:
2002இல் பிக்கரிங் என்ற மருத்துவர் ‘மாஸ்க்ட்’ என்று பெயர் வைக்கும்வரை ‘தலைகீழ் வெள்ளை அங்கி’ என்றும் சொல்லிவந்தார்கள். மருத்துவரைக் கண்டதும் ஏறி வீட்டில் இறங்குவது வெள்ளை அங்கி. இது அதற்கு எதிர். ஆக, ஜோடியாக நிற்கும் சொல்லாகப் பாருங்கள். ஆனால் பெயரைவிட அளக்கும் முறைக்கு இடம் ஒதுக்குங்கள். 2015இல் வந்த ஸ்பிரிண்ட் என்ற இரத்த அழுத்த ஆய்வில் 9,361 பேர். மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில், 140க்குக் கீழே போதும் என்ற பிரிவைவிட இதய, இரத்தநாளப் பாதிப்புகள் கால்பங்கு குறைந்தன. நீரிழிவுக்காரர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் அளந்தார்கள். நம்மவர்கள் கோப்பிக் கடையிலிருந்து நேரே வந்து கையை நீட்டுகிறார்கள். கோப்பி குடித்து அரை மணியாவது ஆகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சுயரத்தில். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தாதி:
சரி, டாக்டர் சொன்னது முதல் பக்கத்தில் போகிறது. தலைப்பு ‘மறைந்திருக்கும் உயர் இரத்த அழுத்தம்’. அட்டவணையில் இடமில்லை, அங்கே மட்டும் ‘மறை அழுத்தம்’.

மொழிபெயர்ப்பாளர்:
மறைந்திருக்கும் என்பது விளக்கம், கலைச்சொல் ஆகாது. இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன், நாளை எனக்கு வேறு கெடு இருக்கிறது.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். என் பட்டியலில் கரந்த குருதியழுத்தம்தான். வெள்ளை அங்கிக்கு ‘வெண்மெய்ப்பை’ எப்படி?