அப்ரெண்டிஸா, டிரெய்னியா? ஃபிட்டர் முடித்த மகனை எதில் சேர்ப்பது?

கொரட்டூர் வாசகி:
என் மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஓராண்டு அப்ரெண்டிஸாகக் கூப்பிடுகிறது, உதவித்தொகை குறைவு. ஒரகடம் பக்கம் இன்னொன்று ஒப்பந்ததாரர் மூலம் 'டிரெய்னி' என்று எடுக்கிறது. அங்கே பணம் கூடுதல், பஸ்ஸும் சாப்பாடும் உண்டு. ஒரகடத்துக்கே போகட்டும் என்கிறார் என் கணவர். இரண்டும் பயிற்சிதானே, என்ன வித்தியாசம்?

ஓய்வு பெற்ற ஃபோர்மேன், வில்லிவாக்கம்:
அம்மா, வித்தியாசம் நிறைய இருக்கிறது. அப்ரெண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. ஒப்பந்தம் எழுதி, அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு முடிவில் அகில இந்திய அளவிலான தேர்வு உண்டு. தேறினால் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற ரயில்வே இடங்களில் இப்படி முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் லெவல்-1 எனும் அடிப்படை நிலைப் பணித் தேர்வில் 20 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. தனியார் கம்பெனியில் முடித்தவருக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. ஆனால் சான்றிதழ் எங்கே போனாலும் செல்லும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் அவனைத் தொழிலாளியாகக் கருதாது, பயிற்சி பெறுபவனாகவே கருதும். முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகையே படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரைதான். ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு விதிகளும் பொருந்தும்.

சேரும் முன் உங்கள் மகன் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: "என்னை யாரிடம் விடுவீர்கள்?" ஒரு மூத்த ஃபிட்டரின் பெயரைச் சொன்னால் நம்பிச் சேரலாம். ஃபிட்டர் வேலை பென்ச் வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) முன்னால் நின்றுதான் வரும். அரத்தால் ராவிய பரப்பின் மேல் ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் மட்டம்) நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம். ஓரங்களில் தெரிந்தால் நடு மேடு, இரு ஓரமும் அதிகம் தேய்ந்துவிட்டது. பையன்கள் பெரும்பாலும் ஓரத்தைத்தான் தேய்த்துவிடுவார்கள், அரம் முன்னால் போகும்போது கை தாழ்ந்துவிடுவதால். பக்கத்தில் நின்று முழங்கையைப் பிடித்துத் திருத்த ஒருவர் வேண்டும். அது அமைந்துவிட்டால் ஓராண்டில் கை படிந்துவிடும்.

ஒரகடம் ஊழியர்:
நான் டிரெய்னியாகத்தான் சேர்ந்தேன். ஷிஃப்ட் முழுவதும் ஒரே இடத்தில் நின்று அதே நான்கு போல்ட்டை முடுக்குவேன். காலம் முடிந்ததும் கையில் அனுபவக் கடிதம்கூட இல்லை. ஆனாலும் அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அந்தப் பணம்தான் உதவியது. வீட்டில் நெருக்கடி இருந்தால், குறைந்த தொகையில் ஓராண்டு இரு என்று யாரும் சொல்ல முடியாது ஐயா.

ஓய்வு பெற்ற ஃபோர்மேன், வில்லிவாக்கம்:
தம்பி சொல்வது நியாயம். அடுப்பெரிவதுதான் முதலில். நெருக்கடி இருந்தால் ஒரகடம் போகட்டும். ஆனால் நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக 'நிரந்தரம் ஆக்குவோம்' என்பதை நம்ப வேண்டாம். ஓராண்டு சமாளிக்க முடியும் என்றால், என் ஓட்டு அம்பத்தூருக்கே.

கொரட்டூர் வாசகி:
நன்றி ஐயா. சமாளித்துக்கொள்வோம். திங்கட்கிழமை மகனுடன் கணவரும் அம்பத்தூர் போகிறார். ஒப்பந்தப் பதிவு எண்ணைச் சேரும் அன்றே தருவார்களா?

ஓய்வு பெற்ற ஃபோர்மேன், வில்லிவாக்கம்:
சில நாள் ஆகலாம் அம்மா. அதுவரை ஐ.டி.ஐ. அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுங்கள்.