ஒரே ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் எழுத முடியுமா?

காட்பாடி_ஸ்டூடியோ
2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கிறது. கடையில் விண்டோஸ் 11-ம் மேக்கும், சத்துவாச்சாரி கிளையில் உபுண்டு 22.04-ம் ஓடுகின்றன. மேக்கில் ஃபைல் திறக்கிறது, ஆனால் புதிதாக எதையும் போட முடியவில்லை. கல்யாண வீடியோ ஒவ்வொன்றும் 15, 20 ஜிபி வரும். டிவியிலும் போட்டுக் காட்டணும். என்ன ஃபார்மேட் போடலாம்?

தோட்டப்பாளையம்_சர்வீஸ்
டிஸ்க்கில் கோளாறு இல்லை சார். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அதனால் உங்களுக்கு ஆகாது. மூன்றிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் போடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

விண்டோஸிலேயே செய்வது நல்லது: டிரைவில் ரைட் கிளிக், ஃபார்மேட், எக்ஸ்ஃபேட். அலோகேஷன் யூனிட் சைஸைத் தொடாதீர்கள். மேக்கில்தான் செய்வேன் என்றால், டிஸ்க் யூட்டிலிட்டியின் வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, உள்ளே தெரியும் வால்யூமை விட்டுவிட்டு மேலே உள்ள டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் 'ஸ்கீம்' (டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறை) வரும். அதில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு வையுங்கள். பல பழைய டிவிகளுக்கு ஜியுஐடி என்ற இன்னொரு ஸ்கீம் புரியாது. எக்ஸ்ஃபேட்டையே படிக்காத டிவியும் உண்டு, மேனுவலைப் பாருங்கள்.

ஆற்காடு_லினக்ஸ்
உபுண்டு 22.04-ல் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், எக்ஸ்ஃபேட் ஆதரவு அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்பே குறித்து வைத்து, இடையில் நின்றால் சரிசெய்யும் வசதி) கிடையாது. காப்பி ஓடும்போது கரண்ட் போனாலோ கேபிளைப் பிடுங்கினாலோ ஃபோல்டரே காணாமல் போகலாம். உபுண்டுவில் காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் கொஞ்சம் டேட்டா இன்னும் ரேமிலேயே நிற்கலாம். இஜெக்ட் கொடுத்து, 'எடுக்கலாம்' என்று வந்த பிறகே கழற்றுங்கள். யுபிஎஸ் இல்லாத கணினியில் பெரிய காப்பியே வேண்டாம். டிஸ்க் திறக்காமல் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் சரி கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸில் டிரைவ் ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் கொடுத்துப் பாருங்கள்.

காட்பாடி_ஸ்டூடியோ
நன்றி அண்ணா. 1.4 டிபி நிறைந்திருக்கு, காப்பி வைக்க வேறு டிஸ்க் இல்லை. அழிக்காமல் மாற்ற முடியாதா?

தோட்டப்பாளையம்_சர்வீஸ்
முடியாது. விண்டோஸின் கன்வெர்ட் கட்டளை ஃபேட்டை என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும், எக்ஸ்ஃபேட்டாக மாற்றாது. இன்னொரு டிஸ்க் வாங்கும்வரை இதை விண்டோஸிலேயே செருகி, ஃபோல்டரை ஷேர் செய்து, மேக்கில் நெட்வொர்க் வழியாகத் திறங்கள். எழுதுவது விண்டோஸ் என்பதால் என்டிஎஃப்எஸ் தடையில்லை. வைஃபையில் 20 ஜிபி இழுஇழு என்று இழுக்கும், லேன் கேபிள் போடுங்கள்.

ஆற்காடு_லினக்ஸ்
எக்ஸ்ஃபேட்டுக்கு மாறியபின் டிவியில் ஒவ்வொரு வீடியோவும் இரண்டு முறை தெரியலாம். புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சின்ன ஃபைல்கள் மேக் போட்டவை. வீடியோ இல்லை, அழித்துவிடலாம்.