கடலோர மணல்மேட்டு மண்ணுக்கு முதுமை உண்டா?

நெய்தல்வாசி

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்கு வடக்கே குலூலா என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. அதற்கு அடுத்து வடக்கே கர்ரி தீவு. 2023 வரை ஃப்ரேசர் தீவு என்று அழைக்கப்பட்டது இதுதான். இரண்டும் பெரும்பாலும் மணலால் ஆன நிலம். கரையில் இருப்பவை புத்தம் புதிய மேடுகள். உள்ளே போகப் போக மேடுகளின் வயது ஏறும். கடைசி வரிசையில் இருப்பவை பல லட்சம் ஆண்டு பழையவை. இந்த மணல்நிலம் முதன்முதலாக 12 லட்சம் முதல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானதாக 2022-ல் வெளியான காலக்கணிப்பு சொல்கிறது.

மண்ணுக்கு வயதானால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் உலகில் குறைவு. எல்லா மேட்டிலும் குவார்ட்ஸ் மணல்தான். ஆண்டுக்கு சுமார் 1500 மி.மீ. மழை. மாறுவது வயது மட்டும்.

கரையோர மணலில் நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. நம் கடற்கரையில் பார்க்கும் அடும்பும், ராவணன் மீசைக்கு உறவான ஒரு புல்லும் அங்கே மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. பிறகு சவுக்கு. நாம் புயலுக்கு அரணாக நடும் சவுக்கு அங்கே சொந்த மண்ணில் தானாக வளர்கிறது. அதன் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. சருகு விழுந்து மட்கு சேர்கிறது. மட்கில் ஊறி இறங்கும் அமில நீர், மணற்பருக்கைகள் மேல் படிந்திருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கழுவிக் கீழே கொண்டுபோகிறது. மேலே வெளுத்த மணல், கீழே பழுப்பும் கறுப்புமாக இறுகிய அடுக்கு. இதுதான் பாட்சால் மண். இளம் மேட்டில் இந்த மண் அரை மீட்டர் ஆழம்கூட இருக்காது. மூத்த மேட்டில் 25 மீட்டரைத் தாண்டும்!

மரங்களைப் பாருங்கள். நடுவயது மேடுகளில் யூகலிப்டஸும் மழைக்காடும் வானளாவ நிற்கின்றன. அதைத் தாண்டியதும் காடு குட்டையாகி, கடைசியில் புதர்க்காடாக முடிகிறது. காரணம் பாஸ்பரஸ். நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கலாம், பாஸ்பரஸை எடுக்க முடியாது. மணலோடு வந்த கையிருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது, மிச்சம் வேருக்கு எட்டாத வடிவத்தில் பூட்டிக்கொள்கிறது. மண்ணியலாளர்கள் டி. டபிள்யூ. வாக்கரும் சையர்ஸும் 1976-ல் முன்வைத்த விளக்கம் இது. சி. எச். தாம்சன் 1981-ல் குலூலாவின் பாட்சால் மண்களை வயது வரிசையில் வைத்து எழுதினார்.

என் கருத்து இதுதான்: மண் வளர்கிறது, உச்சம் தொடுகிறது, பிறகு முதுமை அடைகிறது. அதை நடத்துவது காலம்.

வேரடி

"மாறுவது வயது மட்டும்" என்ற உங்கள் ஒரு வரியில்தான் என் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

ஒரு மேட்டை ஏழு லட்சம் ஆண்டு யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. இன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வெவ்வேறு மேடுகளைப் பார்த்துவிட்டு, இது ஒரே மேட்டின் வாழ்க்கை என்று சொல்கிறோம். ஒரு தெருவில் நிற்கும் குழந்தையையும் வாலிபரையும் கிழவரையும் படம் பிடித்து, மூன்றும் ஒரே ஆள் என்பதற்குச் சமம் இது.

வயது ஏறும்போது கடலிலிருந்து இருக்கும் தூரமும் ஏறுகிறது. உப்புத் தூவல் குறைகிறது, புதுமணல் வந்து மூடுவது நிற்கிறது. தீ எரியும் விதம் மாறுகிறது. அங்கே பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காட்டுக்கு அளவாகத் தீ வைத்துப் பராமரித்து வந்தார்கள். மூத்த மேடுகள் பனியுகங்களைப் பலமுறை கண்டவை. அப்போது கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கரை வெகுதூரம் தள்ளி இருந்தது. இளம் மேடுகளுக்கு அந்த அனுபவமே இல்லை.

மணலின் பிறப்பும் கேள்விக்குரியது. அது நியூ சவுத் வேல்ஸ் கரையிலிருந்து நீரோட்டத்தோடு வடக்கே நகர்ந்து வந்தது. வழியில் எத்தனை முறை மேடாகி, சரிந்து, மறுபடி கடலுக்குப் போனதோ. ஒவ்வொரு மேடும் ஒரே அளவு பாஸ்பரஸோடு பிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மிச்சிகன் ஏரியின் மணல்மேடுகளில் கௌல்ஸ் 1899-ல் எழுதிய தாவர வரிசை உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்தப் புகழ்பெற்ற உதாரணம் உட்படப் பலவற்றை ஜான்சனும் மியானிஷியும் 2008-ல் மறுபரிசீலனை செய்து, இடத்தைக் காலமாக மாற்றிப் படிக்கும் முறை பல இடங்களில் நிற்கவில்லை என்று காட்டினார்கள்.

நெய்தல்வாசி

கௌல்ஸ் பேசியது செடிகளைப் பற்றி. செடியின் விதை எங்கிருந்தும் வரும், தீ அதை நாளைக்கே மாற்றும். நான் பேசுவது 25 மீட்டர் வெளுத்த மணலைப் பற்றி. உப்புத் தூவல் குறைந்ததால் அது வந்ததா? தீயால் வந்ததா? மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி இரும்பைக் கழுவினால் ஒழிய அந்த ஆழத்துக்கு வேறு வழியே இல்லை. அதற்குக் காலம் வேண்டும். 2010-ல் சூழலியலாளர்கள் லாரன்ஸ் வாக்கரும் வார்டிலும் மற்றவர்களும் எழுதிய பதிலும் ஏறக்குறைய இதுதான். நூறு, ஆயிரம் ஆண்டுக் கணக்கில் நடக்கும் மண் மாற்றத்துக்கு இந்த முறை பொருந்தும் என்றார்கள்.

குறுகிய காலத்துக்கு நேரடிச் சான்றே இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்போர்ட் மேடுகளுக்குப் பழைய வரைபடங்களை வைத்து வயது கணக்கிட்டார் சாலிஸ்பரி. 1925-ல் அவர் வெளியிட்ட முடிவு: புதுமணலில் 6 சதவீதத்துக்கு மேல் இருந்த சிப்பிச் சுண்ணாம்பு, சுமார் 300 ஆண்டில் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. பி.எச். (மண்ணின் அமில-கார அளவு, குறைந்தால் அமிலம் கூடுகிறது) 8.2-லிருந்து 5.5 பக்கம் இறங்கியிருந்தது. மட்கு ஏறியிருந்தது.

வேரடி

சவுத்போர்ட் என் பக்கம் பேசுகிறது, உங்கள் பக்கம் அல்ல. அதே இங்கிலாந்தில், தெற்கே டார்செட்டின் ஸ்டட்லாண்ட் மேடுகளைப் பாருங்கள். அங்கே மணலில் சிப்பித் தூள் மிகக் குறைவு. அதனால் தொடக்கத்திலேயே மண் அமிலம் பக்கம் சாய்ந்து, கடலுக்கு வெகு அருகிலேயே அமில மண்ணை விரும்பும் ஹெதர் புதர் வந்துவிடுகிறது. சவுத்போர்ட் சில நூறு ஆண்டு கழித்து எட்டும் நிலையில் ஸ்டட்லாண்ட் ஏறக்குறைய பிறக்கிறது. வயதை மட்டும் சொன்னால் இந்த இரண்டு மண்ணில் ஒன்றையும் உங்களால் கணிக்க முடியாது.

நியூசிலாந்தின் ஹாஸ்ட் மேடுகள் இன்னொன்று. ஆல்பைன் என்ற நிலப்பிளவில் பெரிய நிலநடுக்கம் வந்து மலைச்சரிவு மண் ஆற்றில் இறங்கும்போதெல்லாம் கரையில் ஒரு மேட்டு வரிசை எழுந்தது. மழை சுமார் 3500 மி.மீ. அங்கே பாட்சால் உருவாகச் சில நூறு ஆண்டுகளே போதும். குலூலா கணக்கு அங்கே செல்லாது. சுண்ணாம்பு எவ்வளவு, மழை எவ்வளவு என்று சொல்லாமல் "வயது" என்று சொல்வது பாதி வாக்கியம்.

செம்மண்தேரி

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துக்காரன் நான். ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

கடலை ஒட்டிய எங்கள் மணல்மேடுகள் வெளிர் நிறம். உள்ளே வந்தால் தேரி, ரத்தச் சிவப்பு. குதிரைமொழித் தேரியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. தேரிப் பகுதிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956-ல் எழுதியிருக்கிறார்கள். கல்லைச் சீவிக் கருவி செய்த மனிதர்கள் நடமாடிய பழைய மணல் இது.

குலூலாவில் மணல் பழையதானால் இரும்பு இறங்கி வெளுக்கிறது. இங்கே பழைய மணல் சிவந்து கிடக்கிறது. இங்கே மழை 650 மி.மீ. அளவுக்குத்தான், அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். வெயிலில் மட்கு தங்குவதில்லை. இரும்பைக் கழுவ அமிலம் இல்லை. அதனால் இல்மனைட், கார்னட் போன்ற கனிமங்கள் சிதையும்போது வெளிவரும் இரும்பு அங்கேயே துருவாகப் பருக்கைமேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த இரும்பு அங்கேயே உருவானதா, உள்நாட்டுச் செம்மண் காற்றில் வந்து சேர்ந்ததா என்பதில் புவியியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் தேரியில் பாட்சாலைத் தேடினால் கிடைக்காது. எங்களுக்குக் கிடைப்பது பனையும் கொல்லாமரமும்.

காலம் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது, ஆனால் என்ன வேலை என்பதை மழை முடிவு செய்கிறது. வேரடி சொல்வதோடு இந்த அளவுக்கு ஒத்துப்போகிறேன்.

நெய்தல்வாசி

தேரி நல்ல உதாரணம் அண்ணே, ஆனால் என் வாதத்தை அது அசைக்கவில்லை. சிவப்போ வெள்ளையோ, இரண்டு இடத்திலும் மாற்றம் ஒரே பக்கம்தான் போகிறது. சிவந்த தேரி தானாக வெளிர் மணலாவதில்லை, வெளுத்த பாட்சால் தானாகப் புதுமணலாவதில்லை. வேகமும் நிறமும் இடத்துக்கு இடம் வேறு, திரும்பி வராத போக்கு பொது.

பாங்சியா

இத்தனை பேர் எழுதியும் "முதுமை", "உச்சம்" என்ற சொற்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. எதை வைத்து உச்சம்? மரத்தின் உயரத்தை வைத்து. மரவியாபாரிக்கு அது சரியான அளவுகோல். மண்ணுக்கு ஏன்?

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு வடக்கே ஜூரியன் விரிகுடா என்ற இடம். இளம் மேடுகள் சிப்பிச் சுண்ணாம்பு நிறைந்தவை, காரத்தன்மை அதிகம். மூத்த மேடுகள் இருபது லட்சம் ஆண்டு வயதுடையவை. சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டது, பாஸ்பரஸ் இளம் மணலில் இருந்ததில் சொற்பப் பங்குதான் மிச்சம். உலகின் மிக ஏழ்மையான மண்களில் ஒன்று. லாலிபெர்ட்டே குழுவினர் இந்த மண்களைத் தொட்டியில் நிரப்பிச் செடி வளர்த்துப் பார்த்தார்கள். இளம் மண்ணில் நைட்ரஜன் கொடுத்தால் செடி எழுந்தது, மூத்த மண்ணில் பாஸ்பரஸ் கொடுத்தால்தான் எழுந்தது. நெய்தல்வாசி சொன்ன வேதியியல் சரி, வேரடியின் சந்தேகத்துக்கும் இது ஓரளவு பதில்.

ஆனால் அந்த ஏழை மண்ணில் வளரும் குவாங்கன் புதர்க்காட்டைப் பாருங்கள். இடுப்பளவு உயரம் தாண்டாத செடிகள் ஏராளம். தாவர இனங்களின் எண்ணிக்கையோ வளமான இளம் மேட்டைவிட அங்கே அதிகம். பாங்சியா என்ற செடி தன் வேரில் தூரிகை மாதிரி கொத்துக் கொத்தாக மயிர்வேர் விட்டு, அமிலம் கசிய வைத்து, பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கிறது. இன்னொன்று பூஞ்சையோடு கூட்டு வைக்கிறது. இன்னொன்று பூச்சி பிடித்துத் தின்கிறது. ஒரே கைப்பிடி நிலத்தில் இத்தனை வழிகள். இதைச் சீரழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உழவன்மகன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கீழே 25 மீட்டரில் சத்து கிடக்கிறது, மேலே இல்லை என்றால், கிளறி மேலே கொண்டுவந்தால் என்ன? இல்லையென்றால் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் தூவினால் அந்தப் புதர் காடாகிவிடாதா? எங்கள் வயலில் அதைத்தானே செய்கிறோம்.

பாங்சியா

வயலில் சரி. அங்கே தூவினால் பாங்சியா குடும்பச் செடிகள் பல செத்துப்போகும். பாஸ்பரஸே இல்லாத மண்ணுக்குப் பழகிய வேர் அது. கிடைப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும், போதும் என்று நிறுத்தத் தெரியாது. அதிக பாஸ்பரஸ் அதற்கு விஷம்.

கிளறுவது நடந்த கதை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைகளில் ரூட்டைல், சிர்கான், இல்மனைட்டுக்காக மணல் அகழ்ந்தார்கள். மேல்மண்ணை எடுத்து ஓரமாக வைத்து, தாதுவைப் பிரித்துவிட்டு, மணலைக் கொட்டி, மேல்மண்ணைப் பரப்பி மரம் நட்டார்கள். மரம் வளரவும் செய்தது. ஆனால் பல மீட்டர் வெளுத்த மணலும் கீழே இறுகிய அடுக்கும் கலந்து ஒன்றாகிவிட்டன. அந்த மண் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். கர்ரி தீவில் மட்கால் இறுகிய அடுக்குகள்மேல் நீர் தேங்கி நிற்கும் ஏரிகள் பல உண்டு. அடுக்கு உடைந்தால் அந்த நீர் எங்கே நிற்கும்? 1976-ல் ஃப்ரேசர் தீவு விசாரணைக்குப் பிறகு அங்கே தாது ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. தெற்கே பிரிஸ்பேன் அருகே உள்ள மின்ஜெரிபா தீவில் 2019 வரை அகழ்வு நடந்தது.

இதனால்தான் சொற்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். "இது தேய்ந்துபோன கிழட்டு மண்" என்று நாம் எழுதி வைத்தால், "அப்படியானால் தோண்டினால் என்ன நஷ்டம்" என்று அடுத்த வரியை வேறொருவர் எழுதுவார்.

நெய்தல்வாசி

தோண்டக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. முதுமை என்று சொன்னது இழிவாக அல்ல. ஆனால் உயிர்ப்பொருளின் மொத்த எடை குறைகிறது, சருகு மட்கும் வேகம் குறைகிறது, பாஸ்பரஸ் குறைகிறது. வார்டில் குழு 2004-ல் குலூலா உட்பட ஆறு இடங்களில் இதைக் காட்டியது. இத்தனையும் ஒன்றாக இறங்கும்போது அதற்கு ஒரு பெயர் வேண்டும். இன எண்ணிக்கை ஏறுவதாலேயே இறங்குவது இறங்கவில்லை என்று ஆகிவிடாது.

வேரடி

தொட்டிச் சோதனை இன்றைக்கு எந்த மண்ணில் எது குறைவு என்று சொல்கிறது. அந்தக் குறை எப்போது வந்தது என்று சொல்லவில்லை. வந்த நாளிலேயே இருந்திருக்கலாமே. குலூலாவில் காற்று பழைய மேடுகளையே அரித்து அந்த மணலில் புது மேடு கட்டுவதும் உண்டு. அப்படிப் பிறந்த மேடு ஏற்கெனவே கழுவப்பட்ட மணலோடு பிறக்கிறது.

தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. மூத்த மேட்டில் இறுகிய அடுக்குக்கும் கீழே, நீர் இன்னும் இரும்பைக் கழுவாத ஆழம் வரை துளையிட்டு மணல் எடுங்கள். அதில் உள்ள மொத்தப் பாஸ்பரஸையும், பருக்கைமேல் இருக்கும் இரும்பையும், இன்றைய கரையோர மணலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இழப்பு முழுவதும் காலத்தின் கணக்கு, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அடிமணலிலேயே குறைவாக இருந்தால், நீங்கள் முதுமை என்று சொல்வதில் ஒரு பங்கு பிறவியிலேயே வந்தது. மேலே மூன்று மீட்டருக்கு மட்டும் குழி தோண்டிய தரவை வைத்து இதைப் பேச நான் தயாராக இல்லை.

நெய்தல்வாசி

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு மூத்த மேடு போதாது. தாம்சன் பிரித்த ஒவ்வொரு மேட்டுத் தொகுதியிலும், அரித்த மணலில் கட்டியது என்று தெரியும் மேடுகளைத் தனியாக வைத்து எடுக்க வேண்டும். கரையோர மணலிலும் சிப்பித் தூளைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், அதில் பாஸ்பரஸ் உண்டு.